சட்லெஜ் படுகையின் பனிப்பரப்பைச் செயற்கைக்கோளால் கணக்கிடுவது: எந்தப் படம், எந்தக் கணக்கு, எங்கே சறுக்கும்

கேள்வி இது: பக்ரா அணைக்கு மேலே உள்ள சட்லெஜ் ஆற்றுப்படுகையில் பனிப்பரப்பு எப்படி மாறிவருகிறது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட வேண்டும். எந்தப் படங்களை எடுப்பது, மேகத்தை என்ன செய்வது, கிடைக்கும் எண்ணை வைத்து ஆற்றில் வரும் நீரைச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் பனியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் எளிதான பாகம். நேரம் போவதும் தப்பு நடப்பதும் மேகத்தில், பரப்புக் கணக்கில், உயரம் பிரித்துப் பார்க்காததில். "மார்ச்சில் படுகையில் இத்தனை சதவீதம் பனி" என்று ஒற்றை எண் வந்தால், அன்றைக்கு மேகம் எவ்வளவு, எந்த உயரத்தில் எவ்வளவு பனி என்ற இரண்டையும் கேளுங்கள். அவை இல்லாத எண்ணை நான் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

இந்தப் படுகையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சட்லெஜ் திபெத்தில் மானசரோவர், ராட்சசதால் ஏரிகளின் பக்கத்தில் தொடங்கி, ஷிப்கி லா அருகே இமாச்சலப் பிரதேசத்துக்குள் நுழைகிறது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சேர்கிறது, கொஞ்சம் கீழே பாஸ்பா. பக்ரா வரைக்குமான நீர்ப்பிடிப்பு சுமார் 56,000 சதுர கி.மீ.; அதில் பாதிக்கு மேல் எல்லைக்கு அப்பால். அங்கே நாம் போய் பனி அளக்க முடியாது. செயற்கைக்கோளை விட்டால் வேறு வழியில்லை. பக்ராவுக்கு வரும் ஆண்டு நீரில் ஏறக்குறைய 59 சதவீதம் பனியும் பனியாறும் உருகி வருவது என்று ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவன ஆய்வாளர்கள் 1986 முதல் 1996 வரையிலான தரவிலிருந்து கணக்கிட்டார்கள். பக்ராவின் நிரப்புப் பருவம் மே 21இல் தொடங்குகிறது. அதனால் ஏப்ரல் கடைசியில் மலையில் எவ்வளவு பனி நிற்கிறது என்பது பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வயல்களுக்கான கேள்வியும்தான்.

அடிப்படைத் தரவாக நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளிலுள்ள மோடிஸ் உணரியின் தினசரிப் பனித்தொகுப்பை எடுங்கள்: மோட்10ஏ1. மோடிஸையே சுமக்கும் இன்னொரு செயற்கைக்கோளான அக்வாவிலிருந்து வரும் இணை மைட்10ஏ1. இரண்டிலும் பதிப்பு 6.1. டெர்ரா தரவு 2000 பிப்ரவரி கடைசியிலிருந்து இருக்கிறது. எனவே முழுமையான முதல் பனியாண்டு (அக்டோபர் முதல் செப்டம்பர் வரை) 2000 அக்டோபரில் தொடங்குவது. அக்வா 2002 ஜூலையில்தான் வருகிறது. இரண்டையும் கலந்து 2000இலிருந்தே ஒரே தொடராக வரைந்தால், 2002இல் மேகம் சட்டென்று குறைந்து பனிப்பரப்பில் ஒரு படி தெரியும். அதை இயற்கையின் மாற்றமாக எழுதிவிடாதீர்கள். மோடிஸ் தரவு உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரப்படுகிறது; இந்தப் படுகைக்கு எச்24வி05, எச்25வி05 என்ற இரண்டு கட்டங்கள் வேண்டும். முதலாவது மட்டும் போதும் என்று நினைத்தால் மானசரோவர் பக்கத்துக் கிழக்கு ஓரம் வெட்டுப்படும்.

பனி கண்டறியும் சூத்திரம் எளிது: (பச்சை − குறுஅலை அகச்சிவப்பு) ÷ (பச்சை + குறுஅலை அகச்சிவப்பு). இதுவே என்டிஎஸ்ஐ என்ற பனிச் சுட்டெண். மோடிஸில் பச்சைக்கு 4ஆம் பட்டை (பட்டை என்பது உணரி பதியும் ஒரு அலைநீள வீச்சு), குறுஅலைக்கு 1.6 மைக்ரோமீட்டர் பக்கம் உள்ள 6ஆம் பட்டை. பனிப்படிகம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பும், 1.6 மைக்ரோமீட்டர் ஒளியை விழுங்கிவிடும். பச்சையில் 0.80, குறுஅலையில் 0.10 என்றால் விடை 0.78. வெறும் பாறைக்கு 0.15, 0.30 என்று வந்தால் விடை −0.33. நீர்த்துளி மேகம் இரண்டிலுமே பளிச்சென்று இருப்பதால் பூஜ்யத்தின் பக்கம் நிற்கும். 0.4க்கு மேல் பனி என்பது பழைய, இன்றும் பரவலாக இருக்கும் எல்லை. தண்ணீருக்கும் இந்த விகிதம் உயர்ந்து வரும் என்பதால், அண்மை அகச்சிவப்பில் பிரதிபலிப்பு 0.11க்கு மேல் இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையைச் சேர்ப்பது வழக்கம்.

அக்வாவில் ஒரு பழைய ஊனம் உண்டு. அதன் 6ஆம் பட்டையின் 20 உணரிகளில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே செத்துவிட்டன. பதிப்பு 5 வரை அதற்குப் பதில் 7ஆம் பட்டையைப் பயன்படுத்தினார்கள். பதிப்பு 6 முதல் இழந்த வரிகளைக் கணித முறையில் மீட்டு எடுக்கிறார்கள். மீட்பு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரே நாளில் இரண்டுமே தெளிவாக இருந்தால் டெர்ராவுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

இப்போது ஆட்கள் அதிகம் விழும் பள்ளம். பதிப்பு 6இலிருந்து அந்தக் கோப்பில் 0 முதல் 100 வரை இருக்கும் எண் பனியின் சதவீதம் அல்ல, என்டிஎஸ்ஐயை 100ஆல் பெருக்கியது. 40 என்று இருந்தால் அந்தப் பிக்சலில் 40 சதவீதம் பனி என்று படிக்கக் கூடாது. பனிப் பங்கு = −0.01 + 1.45 × என்டிஎஸ்ஐ என்ற நேர்கோட்டுச் சமன்பாட்டைப் போட்டால் 40க்கு 57 சதவீதம் வரும். 70 தொடும்போதே முழுப் பனி. 100க்கு மேலுள்ளவை குறியீடுகள்: 200 தரவு இல்லை, 201 முடிவெடுக்க முடியவில்லை, 211 இரவு, 237 உள்நாட்டு நீர், 250 மேகம், 255 வெற்று நிரப்பு. கோப்பை வேறு வரைபட அமைப்புக்கு மாற்றும்போது மென்பொருள் தானாகச் சராசரி முறையைத் தேர்ந்துகொண்டால், 60 என்ற பனியும் 250 என்ற மேகமும் கலந்து 155 என்ற ஒன்றுக்கும் உதவாத எண் பிறக்கும். மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் அருகண்மைப் பிக்சல் முறை தவிர வேறெதையும் தொடாதீர்கள். முடிந்தால் மாற்றவே மாற்றாமல், படுகையின் எல்லைக்கோட்டைத் தரவின் சொந்த அமைப்புக்குக் கொண்டுபோங்கள். யுடிஎம் என்ற மண்டலவாரி வரைபட அமைப்பைப் போடுகிறேன் என்று கிளம்பினாலும் சிக்கல்தான்: 43, 44 மண்டலங்களின் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, ஸ்பிதியின் காஜா ஊர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது.

பரப்பு: "500 மீட்டர்" பிக்சல் என்பது பெயருக்குத்தான். பிக்சலின் உண்மையான பக்கம் 463.3 மீட்டர், பரப்பு 0.2147 சதுர கி.மீ. அதை 0.25 என்று பெருக்கினால் விடை 16 சதவீதம் ஊதிவிடும். 30,000 சதுர கி.மீ. பனி ஏறக்குறைய 34,900 ஆகிவிடும். சதவீதமாகவே சொன்னால் இந்தத் தப்பு மறைந்து கிடக்கும். உருகும் நீரின் கன அளவுக்கு மாறும் நாளில்தான் வெளியே வரும். படுகை முழுவதும் சுமார் 2,60,000 பிக்சல். உங்கள் எண்ணிக்கை இதற்குப் பக்கத்தில் வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இனி மேகம். எட்டு நாள் அதிகபட்சத் தொகுப்பான மோட்10ஏ2வை எடுத்தால் மேகப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பலர் அதற்குப் போகிறார்கள். எட்டு நாளில் ஒருநாள் பனி தெரிந்தாலும் அது பனி என்றே பதிவாகும். ஏப்ரல் கடைசியில் ஒரு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வந்து மலையில் மழையும் பனியும் கொட்டும் காற்றழுத்த அமைப்பு) வந்து 3,000 மீட்டரில் மெல்லிய பனி தூவி, இரண்டு நாளில் கரைந்து போயிருக்கும். தொகுப்பில் அது எட்டு நாளும் நிற்கும். மொத்தப் போக்கைக் கண்ணால் பார்க்க அது போதும், உருகல் கணக்குக்கு உதவாது. தினசரித் தரவை எடுத்து மேகத்தை நீங்களே படிப்படியாக அகற்றுவதுதான் சரி.

முதல் படி: ஒரே நாளின் டெர்ரா, அக்வா இரண்டையும் சேர்ப்பது. காலையில் டெர்ரா போகும்போது மேகம் மூடிய இடம், பிற்பகல் அக்வா போகும்போது திறந்திருக்கலாம். கோடையில் மலையில் பிற்பகல் மேகம் கூடுவதால் தலைகீழாகவும் நடக்கும். அடுத்து நாள் வடிகட்டி: ஒரு பிக்சல் இன்று மேகம்; நேற்றும் நாளையும் பனி என்றால் இன்றும் பனி, இரண்டு நாளும் தரை என்றால் தரை. இரண்டும் முரண்பட்டால் மேகமாகவே விட்டுவிடுங்கள், ஊகிக்காதீர்கள்.

மூன்றாவதாக, மலைக்கே உரிய பனிக்கோட்டு முறை. அன்றைய தெளிவான பிக்சல்களை வைத்து, எந்த உயரத்துக்கு மேல் எல்லாமே பனி, எந்த உயரத்துக்குக் கீழ் எதுவுமே பனி இல்லை என்று இரண்டு எல்லைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் எல்லைக்கு மேலுள்ள மேகப் பிக்சல் பனி, கீழ் எல்லைக்குக் கீழுள்ளது தரை, நடுவில் உள்ளது மேகமாகவே நிற்கட்டும். இதை வடக்குச் சரிவுக்கும் தெற்குச் சரிவுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஸ்பிதிக்கும் கின்னௌருக்கும் கூடத் தனித்தனியாக. ஒன்று மழைமறைவுக் குளிர்ப் பாலைவனம், மற்றதன் கீழ்ப்பகுதி தேவதாருவும் சில்கோசா பைனும் நிற்கும் காடு. இரண்டையும் ஒரே பனிக்கோட்டில் கட்டினால் இரண்டுமே கெடும். அன்றைக்குத் தெளிவான பகுதி 30 சதவீதத்துக்கும் குறைவு என்றால் இந்தப் படியைத் தவிர்ப்பது நல்லது. பனிக்கோட்டைத் தீர்மானிக்கும் பிக்சல்கள் ஒரே மூலையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மிச்சத்துக்குக் கடைசியாகத் தெரிந்த மதிப்பை முன்னே இழுத்து நிரப்பலாம். மோட்10ஏ1எஃப் என்ற ஆயத்தத் தரவு இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பிக்சலின் மதிப்பும் எத்தனை நாள் பழையது என்ற அடுக்கையும் கூடவே தருகிறது. அந்த அடுக்கைப் பார்க்காமல் மதிப்பை எடுப்பவர்கள்தான் அதிகம். உருகும் பருவத்தில் 7 நாளுக்கு மேல் பழையதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. பருவமழைக் காலத்தில், படுகையின் கீழ்ப்பகுதியில் வாரக்கணக்கில் ஒரே மதிப்பு உறைந்து நிற்கும்.

இந்த வடிகட்டிகள் சரியா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. மேகமே இல்லாத ஒருநாள் படத்தை எடுத்துக்கொண்டு, வேறொரு நாளின் உண்மையான மேகத்தை அதன் மேல் போர்த்துங்கள். உங்கள் முறைப்படி நிரப்பி, போர்த்திய இடத்தில் வந்த விடையை அசலோடு ஒப்பிடுங்கள். தாறுமாறாகத் தூவிய செயற்கை மேகத்தில் எல்லா முறையும் தேறிவிடும். உண்மையான மேகம் பெரிய திட்டுகளாக, பெரும்பாலும் பனிக்கோட்டின் மேலேயே படுத்துக் கிடக்கும், அங்கேதான் தேர்வு.

மேகம் என்று தரவில் குறிப்பதே தப்பாகும் இடங்களும் உண்டு. பனித்திட்டின் ஓரத்தில் பாதிப் பனியும் பாதிப் பாறையும் இருக்கும் பிக்சலை மோடிஸ் மேகம் என்று அடிக்கடி குறிக்கும். உருகும் மாதங்களில் பனிக்கோட்டைச் சுற்றி மேகம் ஒரு வளையம் போல, நாள்தோறும் அதே இடத்தில் தெரிந்தால், அது மேகமல்ல என்று சந்தேகப்படுங்கள். இதற்கு நேர்மாறாக, உயரத்தில் மிதக்கும் மெல்லிய பனிப்படிக மேகம் 1.6 மைக்ரோமீட்டரில் பனி போலவே இருண்டு தெரியும். அதைப் பிடிக்க 1.38 மைக்ரோமீட்டர் பட்டை இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி தரையின் ஒளியை விழுங்கிவிடும் என்ற நம்பிக்கையில் வைத்தது. 5,000 மீட்டருக்கு மேல் குளிர்காலத்தில் நீராவி மிகக் குறைவாக இருப்பதால் அந்தப் பட்டையில் தரையே தெரிந்துவிடும், சுத்தமான பனியும் மேகமாகப் பதிவாகும். சென்டினல்-2, லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் மேக முகமூடிகளிலும் (எந்தப் பிக்சல் மேகம் என்று குறிக்கும் அடுக்குகள்) இதே தொல்லை.

நிழல் இன்னொன்று. டிசம்பர் கடைசியில் இந்த அட்சரேகையில் நண்பகலிலேயே சூரியன் 35 டிகிரிதான் ஏறும்; டெர்ரா போகும் காலை வேளையில் இன்னும் தாழ்வு. வடக்குப் பார்த்த ஆழமான பள்ளத்தாக்குகள் இருட்டில் இருக்கும், பச்சைப் பட்டையின் பிரதிபலிப்பு குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போய் பனி தரையாகிவிடும். இது நீண்டகாலப் போக்கையும் பாதிக்கிறது. டெர்ரா முன்பு காலை 10.30 மணிக்குக் கடந்தது. எரிபொருள் மிச்சப்படுத்த 2020இல் சுற்றுப்பாதைச் சாய்வைத் திருத்துவதை நிறுத்தினார்கள். 2022 அக்டோபரில் கடக்கும் நேரம் 10.15ஐத் தாண்டி முன்னால் போய்விட்டது, தொடர்ந்து நகர்கிறது. சூரியன் இன்னும் தாழ்வு, நிழல் இன்னும் நீளம். 2022க்குப் பிறகு வடக்குச் சரிவுகளில் மட்டும் குளிர்காலப் பனி குறைவதாகத் தெரிந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மோடிஸின் வாரிசு விர்ஸ் என்ற உணரி; பிக்சல் 375 மீட்டர், கடக்கும் நேரம் பிற்பகல் 1.30 மணி. 2012 முதல் இரண்டும் ஒன்றாக ஓடிய ஆண்டுகளை வைத்து உயரப் பட்டைதோறும் வித்தியாசத்தைக் கணக்கிட்டு இணைக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது.

பார்வைக் கோணத்தையும் கவனியுங்கள். நேர் கீழே 500 மீட்டராக இருக்கும் மோடிஸ் பிக்சல், உணரி துழாவும் அகலத்தின் ஓரத்தில் ஏறக்குறைய 1 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆகிவிடும். ஒரே சரிவை ஒருநாள் நேராகவும் அடுத்த நாள் பக்கவாட்டிலும் பார்ப்பதால் பனிக்கோடு தினமும் குதிப்பது போலத் தெரியும். பனி அப்படி நடனமாடுவதில்லை. பார்வைக் கோணம் 45 டிகிரிக்கு மேல் போன நாட்களை நீக்கினால் தொடர் பாதி அமைதியாகிவிடும்.

உயரத்துக்கு கோபர்நிக்கஸ் 30 மீட்டர் உயரமாதிரி இன்று நல்ல தேர்வு. 2000 பிப்ரவரியில் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற பழைய உயரமாதிரி செங்குத்தான இடங்களில் ஓட்டை விழுந்து, பிறகு இட்டு நிரப்பப்பட்டது. 500 மீட்டர் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் பனி, தரை, மேகம் என்று மூன்று எண்களைத் தினமும் பதியுங்கள். 5,500 மீட்டருக்கு மேல் ஆகஸ்ட், செப்டம்பரில் தெரியும் "பனி"யில் ஒரு பங்கு பனியாற்றின் வெறும் பனிக்கட்டி. ராண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியலின் எல்லைகளை வைத்து அதைத் தனி வகுப்பாக்குங்கள். கல்லும் மண்ணும் மூடிய பனியாற்று நாக்குகள் இதற்கு மாறாக, பனியாகவே தெரியாது.

சரிபார்க்க சென்டினல்-2: பச்சை 10 மீட்டர், குறுஅலை 20 மீட்டர், இரண்டு செயற்கைக்கோளோடு ஐந்து நாளுக்கு ஒருமுறை. லேண்ட்சாட் 8, 9 சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை, 30 மீட்டர். இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளிலுள்ள ஏவைஃப்ஸ் கேமரா 56 மீட்டர், 740 கி.மீ. அகல வீச்சு, ஐந்து நாள் இடைவெளி. குறுஅலைப் பட்டையும் உண்டு. இமயப் படுகைகளுக்கு ரொம்பப் பொருத்தமான அளவு. பழைய 8-பிட் லேண்ட்சாட் படங்களில் வெயிலில் நிற்கும் புதுப்பனி பச்சைப் பட்டையில் உச்சத்தைத் தொட்டு நிறைந்துவிடும். என்டிஎஸ்ஐ குறைந்து வரும், கவனம். ஒப்பீட்டு முடிவை "மொத்தத் துல்லியம் 94 சதவீதம்" என்ற பாணியில் எழுதுவதில் பொருளில்லை. பிப்ரவரியில் 5,000 மீட்டருக்கு மேல் எல்லாம் பனி, ஜூனில் 2,000 மீட்டருக்குக் கீழ் எதுவும் பனி இல்லை; கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மதிப்பெண் கிடைக்கும். பனிக்கோட்டுக்கு மேலும் கீழும் 500 மீட்டருக்குள், காட்டில் தனியாக, வெட்டவெளியில் தனியாக எவ்வளவு தப்பு என்பதே பயன்படும் எண்.

இப்போது நீர். பனிப்பரப்பு என்பது பனியின் தடிமன் அல்ல. பத்து சென்டிமீட்டர் பனியும் மூன்று மீட்டர் பனியும் படத்தில் ஒரே வெள்ளை. மைக்ரோஅலை உணரிகள் நீர்ச்சமானத்தை (பனி முழுதும் உருகினால் கிடைக்கும் நீரின் ஆழம்) தரும் என்பார்கள்; அவற்றின் பிக்சல் பத்து இருபது கி.மீ. அளவு, ஒரே பிக்சலில் சிகரமும் பள்ளத்தாக்கும் அடங்கும், பனி ஈரமானால் சமிக்ஞையே போய்விடும். இந்த மலையில் அவற்றை நம்ப வேண்டாம். பரப்பிலிருந்து நீருக்குப் போக நடைமுறையில் இருப்பது மார்டினெக் 1975இல் வெளியிட்ட பனியுருகல் ஓட்ட மாதிரிதான். அதன் இதயம் பாகை-நாள் கணக்கு: பூஜ்யத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நாளில் பனி உருகி இத்தனை செ.மீ. நீர் வரும் என்பது.

எடுத்துக்காட்டாக சில எண்களை வைத்துக்கொள்வோம். 4,000–4,500 மீட்டர் பட்டை, பரப்பு 3,000 சதுர கி.மீ., அன்று பனி 40 சதவீதம். 3,650 மீட்டரில் உள்ள நிலையத்தில் சராசரி வெப்பநிலை 9 டிகிரி. பட்டையின் நடு உயரம் 4,250. 600 மீட்டர் ஏற்றத்துக்கு 100 மீட்டருக்கு 0.65 வீதம் 3.9 டிகிரி குறைத்தால் 5.1. பாகை-நாள் காரணி 0.45 செ.மீ. என்றால் அன்றைய உருகல் 2.3 செ.மீ. 1,200 சதுர கி.மீ. பனியின் மேல் இது விநாடிக்குச் சுமார் 319 கனமீட்டருக்குச் சமம். இழப்புகள் போக மிஞ்சும் பங்கைச் சொல்லும் இழப்புக் குணகம் 0.8 போட்டால் 255. மேகத்தைத் தப்பாக நிரப்பி பனியை 50 சதவீதம் என்று எடுத்திருந்தால் 319 வந்திருக்கும். ஒரு பட்டையில் மட்டும் 64 கனமீட்டர் வித்தியாசம். இந்த நீர் முழுதும் அன்றே ஆற்றில் வராது, தேய்வுக் குணகப்படி அடுத்தடுத்த நாட்களுக்குப் பரவும். பாகை-நாள் காரணியை ஆண்டு முழுக்க ஒரே எண்ணாக வைக்காதீர்கள். நீரோடு ஒப்பிட்ட பனியின் அடர்த்தியை 1.1ஆல் பெருக்கினால் தோராயமாகக் கிடைக்கும்: 0.3 அடர்த்தியில் 0.33 செ.மீ., 0.5க்கு வரும்போது 0.55. மே மாதம் தூவிய புதுப்பனியை, பனிப்பரப்பு நாளுக்கு நாள் சுருங்குவதைக் காட்டும் உருகல் வளைவில் சேர்க்காமல், மழைபோலத் தனிக் கணக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் வளைவு நடுவில் ஏறும், மாதிரி இல்லாத நீரை உருக்கும்.

உருகல் தொடங்கிவிட்டதா என்பதை ஒளிப்படங்கள் சொல்லாது, ரேடார் சொல்லும். சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள்களின் சி-பட்டை அலை உலர்ந்த பனியை ஊடுருவிப் போய்விடும். ஈரப்பனி அதை உறிஞ்சும். அதே சுற்றுப்பாதையில் எடுத்த குளிர்கால ஆதாரப் படத்தோடு ஒப்பிட்டு 3 டெசிபெல்லுக்கு மேல் குறைந்த இடம் ஈரப்பனி. மேகம் தடையல்ல. செங்குத்துச் சரிவுகள் ரேடாரின் பக்கம் மடிந்து விழுவதால், ஏறுபாதை, இறங்குபாதை இரண்டையும் சேர்த்தால்தான் பள்ளத்தாக்குகள் நிரம்பும். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதானதிலிருந்து 2024 டிசம்பரில் சென்டினல்-1சி ஏவப்படும் வரை படங்களின் இடைவெளி கூடியிருந்தது. அந்த ஆண்டுகளின் உருகல் தொடக்கத் தேதிகளை மற்ற ஆண்டுகளோடு ஒரே துல்லியத்தில் ஒப்பிட முடியாது.

போக்கைச் சோதிக்க, போக்கு உண்மையா என்று பார்க்கும் மான்–கெண்டல் சோதனையும் ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் சென் சரிவும் போதும், உயரப் பட்டைக்கும் மாதத்துக்கும் தனித்தனியாக. குளிர்காலப் பனி மேற்கத்திய இடையூறுகள் எத்தனை வந்தன என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஊசலாடும். 25 ஆண்டுத் தொடரில் தொடக்க ஆண்டை ஒன்று தள்ளினாலே முடிவு மாறலாம். அதனால் ஒவ்வொரு சென் சரிவையும் முதல் இரண்டு ஆண்டுகளை நீக்கியும் கடைசி இரண்டு ஆண்டுகளை நீக்கியும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இந்து குஷ்–இமயப் பகுதி முழுவதற்கும் 2025 குளிர்காலத்தில் பனி நிலைப்பு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு என்று நேபாளத்தில் உள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையமான ஐசிமோட் அறிவித்தது. அது தரையில் பனி தங்கிய காலத்தின் குறைவு. பனிப்பரப்பு அதே அளவு சுருங்கியதாகவோ, பக்ராவுக்கு அதே அளவு நீர் குறையும் என்றோ படிக்கக் கூடாது. அணைக்காரர்களுக்கு அனுப்பும் தாளில் ஏப்ரல் 30 அன்று 3,500க்கு மேலுள்ள ஒவ்வொரு 500 மீட்டர் பட்டையிலும் பனிச் சதவீதம், அதே தேதியின் 2001க்குப் பிந்தைய நடுமதிப்பு, நிரப்பிய பிக்சல்களின் பங்கு என்று மூன்று நிரல்கள் இருந்தால் போதும். நான்காவது நிரலாக ஸ்பிதியையும் திபெத்தையும் பிரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.